சாய்ந்து வளர்ந்த பவளம்

தினமும் காலையில் பவளம் அறுப்பதுதான் என் வேலை. கடலடியில் துளைத்தெடுத்த தண்டைப் பலகையாக அறுத்து, இடது ஓரத்துப் பொடியில் ஸ்ட்ரான்ஷியமும் வலது ஓரத்துப் பொடியில் பேரியமும் எவ்வளவு என்று தனிமம் அளக்கும் கருவியில் பார்ப்பேன். பவளம் வரிவரியாக வளரும், ஒவ்வொரு வரியிலும் அன்றைய கடலையே எலும்பாக்கிக்கொள்ளும். நீர் குளிர்ந்தால் ஸ்ட்ரான்ஷியம் கூடும், சேறு கலந்தால் பேரியம் கூடும். குளிர்மாதத்தில் பேரியம் ஏறினால் ஆற்று வெள்ளம். கோடையில் ஏறினால் எவனோ கடலடியைத் தோண்டியிருக்கிறான்.

தோண்டினால் சாவு. கடல் சூடேறி மற்றதெல்லாம் வெளுத்துச் செத்தபின் மிச்சம் ஒரே பவளத்திட்டு, தூத்துக்குடிக்கு மீன் அதில்தான். பவளம் படித்துச் சொன்னவரே துடுப்பால் முதல் அடி அடிக்க வேண்டும். தப்பாகப் படித்தவருக்கும் அதே துடுப்படிச் சாவுதான்.

இந்த வருடம் பேரியம் கோடையில் ஏறியிருந்தது. தோண்டுபடகு வைத்திருப்பவன் கஸ்பார் மட்டுமே. கடற்கரையில் அவனை முழங்காலிட வைத்து, வழக்கப்படி பவளப்பலகையை எதிரே வைத்தார்கள்.

"டெல்பின் அக்கா, நான் தோண்டல. பிள்ள மேல சத்தியம். எக்ஸ்ரே எடுத்துப் பாத்தியளா? ஆனைக்கும் அடி சறுக்கும்லாக்கா."

"இருவது வருசமா அறுக்கேன். எனக்கே பாடம் எடுக்கியால?"

வரிகள் போகும் போக்கு எக்ஸ்ரேயில்தான் தெரியும். நான் எடுக்கவில்லை. எனக்கெதற்கு எக்ஸ்ரே என்ற திமிர். அந்த ஆத்திரத்திலேயே துடுப்பை அவன் தாடையில் இறக்கினேன். பற்கள் மணலில் விழுந்தன. பிறகு ஊரே அவன்மேல் பாய்ந்தது. விலா எலும்புகள் விறகு மாதிரி முறிந்தன.

பலகையில் இரத்தம் தெறித்தது. நுண்துளைகளில் அது ஊற ஊற, வளர்ச்சி வரிகள் சிவப்பாகத் தெரிந்தன. எல்லாமே சாய்ந்திருந்தன. நான் இரண்டு ஓரங்களையும் நேருக்கு நேராக ஒப்பிட்டிருந்தேன். இடப்பக்கக் கோடைக்கு நேரே வலப்பக்கம் இருந்தது மார்கழி. ஏறியது வெறும் வெள்ளச்சேறு. பாவி நான், ஒன்றும் செய்யாதவனை அடித்துவிட்டேன்.

ஊர்த்தலைவர் மொராயஸ் கையை உயர்த்தினார். துடுப்புகள் நின்றன.

"இன்னும் உயிரு கெடக்கு. கடைசித் தரம் கேக்கேன் தாயி, நீ படிச்சது நெசந்தானா?"

கஸ்பாருக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. அது என்னையே பார்த்தது. சுற்றிலும் முப்பது துடுப்புகள், எல்லாவற்றிலும் இரத்தம். எனக்குப் பயமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

பலகையைக் காலால் மணலில் கவிழ்த்தேன்.

"நெசந்தாம். முடிச்சிருங்க" என்றேன்.