பறவைகளுக்குக் கணக்கு வராது

அண்ணன் போய்க் கால்மணி நேரம் ஆகியும் வாத்துகள் கரைப்பக்கம் வரவில்லை.

அவள் நீலச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கூடாரத்துக்குள் முக்காலியில் குறுகி உட்கார்ந்து, துணியில் கிழித்துவிட்ட நீளத் துளை வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேற்று நிறத்தில், நாணலோடு நாணலாக நிற்கும் சின்னக் கூடாரம். ஒருவர் தாராளமாக உட்காரலாம். இன்னொருவர் வந்தால் மடியில்தான் உட்கார வேண்டும். வாத்துகள் ஏரியின் நடுவில் ஒரே கும்பலாக நின்றன. மேயவில்லை, மூழ்கவில்லை, இறகு கோதவில்லை. எல்லாமே கூடாரத்தின் பக்கம் தலையைத் திருப்பி வைத்திருந்தன.

அண்ணனின் தந்திரம் இதுவரை பொய்த்ததில்லை. பறவைகள் பார்க்கும்படி இரண்டு பேர் உள்ளே போக வேண்டும். சற்று நேரத்தில் ஒருவர் மட்டும் வெளியே வந்து, கையை வீசிக்கொண்டு நடந்துவிட வேண்டும். ஆள் போயாச்சு, கூடாரம் காலி என்று நம்பிப் பறவைகள் கிட்டே வந்துவிடும். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "என் கிளாஸ் பசங்க மாதிரிதான். ரெண்டுல ஒண்ணு போனா மிச்சம் எவ்வளவுன்னு அதுங்களுக்குத் தெரியாது" என்று வருஷக்கணக்காக ஒரே ஜோக்கைச் சொல்லி, தானே முதல் ஆளாகச் சிரிப்பான். நெட்டைக் கால், நீளக் கழுத்து. வீட்டில் அவனுக்குக் கொக்கு என்றுதான் பெயர்.

உள்ளே இருக்க வேண்டியவன் அவன்தான். குளிர்காலத்தில் மட்டும் இந்த மலை ஏரிகளுக்கு வரும் வெள்ளைத்தலை வாத்தைப் படமெடுக்கக் காடு காடாக நாயாய் அலைந்திருக்கிறான். இந்த முறை பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு வறட்டு இருமல், பிறகு ஒரு மூக்குறிஞ்சல். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் கொடுத்த எந்தச் சிரப்புக்கும் அது மசியவில்லை. இருமுகிறவன் மறைந்திருந்து என்ன பயன்? கேமராவைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, எதிர்க்கரையில் உள்ள பழைய காவலர் அறையில் அடுப்பு மூட்டிக் காத்திருப்பதாகச் சொன்னான்.

"நானா வந்து கூப்பிடற வரைக்கும் தலையை வெளிய நீட்டாதே" என்றான். "காலின்னு நம்பின இடத்துலேர்ந்து ஆள் வந்தா, அதுங்க அப்புறம் எதையுமே நம்பாது."

கீழே விடுதியில் அண்ணியும் குழந்தையும் இருந்தார்கள். கிளம்பும்போது அண்ணி அவளைத் தனியாக அழைத்து, "அவருக்கு நேரம் போறதே தெரியாது. இருட்டறதுக்குள்ள நீதான் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லியிருந்தாள். அத்தை இறங்கி வரும்போது படியில் நின்று டார்ச் அடிப்பதாகக் குழந்தையும் ஒப்புக்கொண்டிருந்தது. அதை நினைத்ததும் அவளுக்குக் குளிர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

மூடுபனி தண்ணீரை ஒட்டி ஊர்ந்து வந்தது; நாணல் அழுகும் வாடையோடு இன்னொரு வாடையும், பல நாள் திறக்காத கிணற்றின் மூடியை நகர்த்தினால் வருமே, அப்படி ஒரு பச்சைக் குளிர்ச்சி கூடாரத்துக்குள் வந்து தங்கிவிட்டது; மரங்களிலிருந்து பனித்துளி சொட்டும் சத்தத்துக்கு நடுவே, அவள் முதுகுக்குப் பின்னால் துணியில் எதுவோ உரசி, நின்று, மறுபடி உரசியது. காற்று என்று சொல்லிக்கொண்டாள். எதிரே ஒரு நாணல்கூட அசையவில்லை.

பயத்தைத் தள்ளிவைக்கக் கேமராவை எதிர்க்கரைக்குத் திருப்பினாள். அண்ணனின் சிவப்புக் கம்பளித் தொப்பி அப்போதுதான் காவலர் அறையை நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் இன்னொரு ஆள்.

ஒட்டி நடந்தது அந்த ஆள். அதே உயரம். அவன் கால் எடுத்த இடத்தில் கால் வைத்து, அவன் நின்றால் நின்றது. கொக்குக் கழுத்து ஒருமுறையாவது திரும்பும் என்று பார்த்தாள். திரும்பவில்லை. காவலராக இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னாள். குளிர்காலத்தில் மேலே யாரும் இருப்பதில்லை என்று விடுதிக்காரர் காலையில் சொன்னதும் கூடவே ஞாபகத்துக்கு வந்தது. படியருகே மேய்ந்த நீர்க்கோழிகள் சிதறி ஓடின. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது.

கொஞ்ச நேரத்தில் சிவப்புத் தொப்பி மட்டும் வெளியே வந்தது. கதவைச் சாத்தியது. கையை வீசிக்கொண்டு, ஏரியைச் சுற்றி அவள் பக்கமாக நடக்கத் தொடங்கியது. நீர்க்கோழிகள் ஒவ்வொன்றாகப் படிக்குத் திரும்பி வந்தன. அவற்றைப் பொறுத்தவரை அறை காலி.

அவளுக்குக் கணக்கு வரும்.

தொப்பி ஏரியின் வளைவில் வந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீரின் மேல் சத்தம் தெளிவாக நடந்து வரும். இரண்டு வறட்டு இருமல், ஒரு மூக்குறிஞ்சல். மூடிய அறைக்குள்ளிருந்து.

நடந்து வருவது இருமவில்லை.

அண்ணா என்று கத்த வாயைத் திறந்தாள். கத்தினால், தான் இங்கே இருப்பது அதற்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள். தன் உயிருக்காக அண்ணனைக் கூப்பிடாமல் விட்டோமே என்ற எண்ணம் அவளைச் சுட்டது. மறுபடி இருமல் கேட்டது. இந்தத் தடவை ஒன்றுதான். அதுவும் பாதியில் நின்றது.

தொப்பி பக்கத்தில் வந்துவிட்டது. துளைக்கு நேர் எதிரே நின்றது. தொப்பிக்குக் கீழே பனி. அதற்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தை அவள் பார்க்கவில்லை. வாத்துகளைப் பார்த்தாள்.

வாத்துகள் தொப்பியைப் பார்க்கவில்லை. அவை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த இடத்தையே பார்த்தன. அவளுக்குப் பின்னால்.

ஜிப் திறக்கும் சத்தம். பின்பக்கம். மெதுவாக, ஒவ்வொரு பல்லாக.

கிணற்று வாடை. முதுகில் குளிர். பிறகு மடியில் ஒரு பாரம்.

கை எழவில்லை. விரல் மடங்கவில்லை. கண்ணை மூடப் பார்த்தாள்; இமையும் கேட்கவில்லை. கழுத்திலிருந்து நீலச் சால்வை உருவப்பட்டது. அவசரமில்லாமல். பாரம் இறங்கியது. ஜிப் மூடியது.

வெளியே நீலச் சால்வை நடந்தது. இடது தோளைச் சற்றுத் தூக்கி, அவள் நடக்கும் அதே நடை. தொப்பி அதோடு சேர்ந்துகொண்டது. பாதை இறங்கும் இடத்தில் தொப்பி நின்று இருமியது. இரண்டு வறட்டு இருமல். ஒரு மூக்குறிஞ்சல். துளி பிசகில்லை.

வாத்துகள் கலைந்து கரைக்கு வந்தன. நடுவே ஒரு வெள்ளைத்தலை. அது நீந்தி நீந்தித் துளைக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து, அவளுடைய திறந்த கண்களுக்கு முன்னால் நிம்மதியாக இறகு கோதியது.

அதற்கப்பால், மரங்களுக்குக் கீழே, விடுதிப் படியில் ஒரு டார்ச் வெளிச்சம் துள்ளித் துள்ளி ஆடியது. சால்வைக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்து, பதிலுக்கு அசைந்தது.