நௌயாவின் பாதை

ஜூன் மாதப் பிற்பகல். சிரோக்கோ அனல்காற்றில் இத்தாலியின் பலெர்மோ நகரம் வெந்துகொண்டிருந்தது; பாரதிப்ரியாவின் வீட்டுத் தரை மட்டும் சில்லென்றிருந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மூடிய மரச் சன்னல்களின் கீற்று வெளிச்சத்தில், காய்ந்த தூசியின் மணத்தோடு கடல்நீரின் மணமும் எங்கிருந்தோ கசிந்து வந்தது.

காலையில்தான் மின்னஞ்சல் வந்திருந்தது. கனடாவின் வடகோடியில், உறைந்த கடல்மேல் நாய்வண்டி ஓட்டி வேட்டைக்குப் போகும் இனுயிட் பெண் நௌயாவைக் காணவில்லை. எந்தப் பனி ஆளைத் தாங்கும், எங்கே நீரோட்டம் அடியிலிருந்து அரிக்கும் என்று அவள் சொன்னதையெல்லாம் இரண்டு குளிர்காலம் ஆராய்ச்சிக்காகக் கூடவே நடந்து பதிவு செய்தவள் பாரதி. முன்பெல்லாம் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம், இப்போது கடல் சூடாகி, மேலே வெள்ளையாக இருக்கும் இடத்தில் அடியில் ஒன்றுமே இருப்பதில்லை என்பாள் நௌயா. மிச்சமிருந்த ஒரே நல்ல பாதையை வரைபடத்தில் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தாள். அதற்கடியில் கப்பல் போகும் ஆழம் உண்டு; தெரிந்தால் பனியை உடைத்துக்கொண்டு கப்பல் வரும். பாரதி வாக்குக் கொடுத்தாள். கல்லூரி நாளிலிருந்து கூடப் படித்து, கூட வேலை செய்யும் கௌதமனிடம் மட்டும் காட்டினாள்.

நௌயா நாய்வண்டியோடு போன அந்தப் பாதையைத்தான் ஒரு கப்பல் உடைத்துக்கொண்டு போயிருந்தது.

"நீயா கொடுத்தே?" தொலைபேசியில் கேட்டாள்.

"கப்பல் கம்பெனிக்காரங்க கேட்டாங்க. உன் பேரையும் போட்டுத்தான் கொடுத்தேன் பாரதி," என்றான், ஏதோ நல்லது செய்தவன்போல.

தொலைபேசியை வைத்தாள். அப்போதுதான் தரைக்கடியில் அந்தச் சத்தம். நகங்கள் பிறாண்ட, நிறையக் கால்கள் சுவருக்குச் சுவர் ஓடின.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அகஸ்ரீனா அக்கா, மன்னார்க்காரி.

"பிள்ளை, நாய் வளக்கிறியளோ? எங்கட தலைக்கு மேலை ஒரே ஓட்டம்."

"இல்லக்கா. எனக்குக் கீழேர்ந்துதான் கேக்குது."

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கதவைச் சாத்தியதும் ஓட்டம் நின்றது. குளிர் கணுக்கால் ஏறியது. தரையோடுகள் ஒவ்வொன்றாக வெளிறின. பிறகு கறுத்தன. பிறகு, கண்ணாடி.

அடியில் நீர்.

நாய்கள். பத்துப் பன்னிரண்டு. வாரோடு வார் பிணைந்து, தலைகீழாக, தரையின் அடிப்பக்கத்தில் ஊன்றி நின்றன. எல்லாம் அவளையே பார்த்தன.

பின்வாங்கினாள். உள்ளங்காலுக்கு நேர் கீழே ஏதோ கூடவே நகர்ந்தது.

குனிந்தாள். தோல் காலணி போட்ட இரண்டு பாதங்கள். அவள் பாதத்தோடு பாதம். ஓரடி வைத்தாள். அவையும் வைத்தன.

"நான் கொடுக்கல, நௌயா."

கீழே, கருநீருக்குள், தலை மெல்ல நிமிர்ந்தது. வலது பாதம் விலகியது. ஓங்கி உதைத்தது.

பாரதியின் கால்களுக்கிடையே ஒரு வெள்ளை விரிசல் கிளம்பி, கிளைத்து, நான்கு சுவரையும் நோக்கி ஓடியது.