பன்னிரண்டாம் கேள்வி

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான். பாதி பொங்கி வழிந்தது, மீதியில் காபி போட்டுக் குடித்தான். தையல் மெஷின் மேல் பழைய போர்வையை விரித்து யூனிஃபார்மை இஸ்திரி போட்டான். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை, ஊக்கு மாட்டிக்கொண்டான். ஆறே காலுக்குக் கதவைப் பூட்டி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை வார்டில் டியூட்டி. அன்றைக்கு ஆபரேஷனுக்குப் போகிறவர்களை உட்கார வைத்து விவரம் கேட்டு எழுதுவது அவன் வேலை. என்ன வலி, என்ன மருந்து, எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. மொத்தம் இருபது கேள்விகள். அதற்கென்றே வார்டின் கோடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. மற்ற நர்ஸ்கள் அதில் கால் வைப்பதில்லை. வராந்தா பெஞ்சிலேயே கேட்டு முடித்துவிடுவார்கள்.

காரணம் இதுதான். அந்த அறையில் நோயாளியைக் கேட்கும் கேள்விக்குக் கூட வந்தவர் பதில் சொன்னால், பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் அடைத்துப்போகும். யாரோ உள்ளங்கையால் பொத்தினது போல இருந்தது என்று நாலைந்து பேர் ஒரே மாதிரி சொன்னார்கள். தம்பிக்காகப் பதில் சொன்ன ஓர் அண்ணன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருக்கிறார்.

அவன் மட்டும் அந்த அறையை விடவில்லை.

"உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி, தம்பி" என்றார் பெரிய சிஸ்டர். "வெளிச்சத்துல பெஞ்சு சும்மாத்தானே கிடக்கு?"

"பெஞ்சுல உக்காந்தா ஊரே பதில் சொல்லுது சிஸ்டர்."

"ஒரு நாள் உன் வாயையும் பொத்தப் போகுது, பாரு."

"நான் யாருக்காகவும் பதில் சொல்றதில்லை."

பெரிய சிஸ்டர் அவனை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

முதல் நோயாளிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பித்தப்பையில் கல். ஒன்பது மணிக்குத் தியேட்டர். கூட மாமியார், மடியில் பை, கையில் ஃபிளாஸ்க்.

அறைக்குள் ஃபினாயில் வாடை. டியூப்லைட்டின் ரீங்காரம். அவன் தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தான். நின்றுகொண்டு கேட்டால் அது விசாரணை. பெண்களின் முகத்தை நேராகப் பார்த்தால் பதிலை விழுங்கிவிடுவார்கள் என்பதும் தெரியும். கண்ணைத் தாளிலேயே வைத்துக்கொண்டான்.

"சிஸ்டர் யாரையாவது வந்து கேக்கச் சொல்லட்டுமாம்மா?"

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"வலி எப்ப ஆரம்பிச்சுதும்மா?"

"போன மாசம்" என்றார் மாமியார். "எண்ணெய்ப் பண்டத்தைத் தொடாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

"அவங்க சொல்லட்டும்மா."

"அவளா? கல்யாணமாகி ஆறு மாசம் ஆச்சு. வாயில என்ன கொழுக்கட்டையான்னு நானே கேட்டுட்டேன். அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசறேன். நீ எழுது தம்பி."

"மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கிடை..."

டியூப்லைட் ஒரு தடவை அணைந்து எரிந்தது.

மாமியாரின் உதடுகள் பல்லில் அழுந்தின. ஒரு கன்னத்தில் நான்கு பள்ளங்கள், மறு கன்னத்தில் ஒன்று. ஃபிளாஸ்க் உருண்டது. அவர் இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னால் எதையோ பிய்த்தார்.

அங்கே எதுவும் இல்லை.

சட்டென்று விடுபட்டது. மூச்சை இழுத்தவர் பயந்ததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம்.

"யாருடி அவ, என் வாயைப் பொத்தறது? எமனே வந்தாலும் நான் பேசு..."

மறுபடியும் அழுந்தியது. இந்தத் தடவை சற்று நேரம்.

விட்டதும் பையை அள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் வெளியில நிக்கறேன். கதவு திறந்தே இருக்கட்டும்."

அவன் கதவைச் சாத்தினான்.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். மெதுவாக. ஒவ்வொரு பதிலுக்கும் நேரம் எடுத்தது. அவன் காத்திருந்தான். பதினோராவது கேள்வியில் கதவு தட்டப்பட்டது.

"தியேட்டர்லேர்ந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு" என்றது பெரிய சிஸ்டரின் குரல். "டாக்டர் கத்தறார். சீக்கிரம் முடி."

அவன் அவசரமாகப் பன்னிரண்டாவது கேள்விக்குப் போனான்.

"இதுக்கு முன்னாடி மயக்க மருந்து கொடுத்ததில்லை. அப்படித்தானே?"

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

பேனா ஏற்கெனவே தாளில் இருந்தது.

"இல்லைன்னு போட்டுக்க..."

முதலில் குளிர் வந்தது.

பிறகு உள்ளங்கை. ஈரமில்லை, வாடையில்லை. வெறும் கை, அழுத்தமான கை. பற்கள் உதட்டில் பதிந்தன. மூக்கு பாதி அடைந்தது. அவன் கத்தப் பார்த்தான், கத்தல் தொண்டைக்கே திரும்பிப் போனது.

நடுவிரலின் நுனி கன்னத்தில் உறுத்தியது.

தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனி.

அந்தக் காய்ப்பு அவனுக்குத் தெரியும்.

பதினான்கு மாதமாக இந்த அறையில் வாய் பொத்துவது யாரோ ஒரு பழைய நோயாளி என்றுதான் நினைத்திருந்தான். அவன் மனைவி தைத்துக்கொண்டிருந்த ரவிக்கை இன்னும் மெஷின் டிராயரில் ஒரு கை இல்லாமல் கிடக்கிறது.

அவன் பேனாவைக் கீழே வைத்தான். கையை விலக்கப் பார்க்கவில்லை. பிடி கொஞ்சம் தளர்ந்தது.

எடுக்கவில்லை.

"பிரதர்" என்றாள் அந்தப் பெண், சன்னமாக. "உங்க கன்னம் பள்ளமா இருக்கு. வலிக்குதா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"நான் சொன்னா வெளியில அத்தைக்குத் தெரியுமா?"

பேச முடியாததால் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினான். 'டாக்டருக்கு மட்டும்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"ஒன்பது வயசுல கை முறிஞ்சுது. மயக்க மருந்து கொடுத்ததும் உடம்பு கட்டையா விறைச்சு, அனலாக் கொதிச்சுதாம். நாலு நாள் கழிச்சுத்தான் கண் முழிச்சேன். எங்க பெரியப்பா பையன் இதே மாதிரி டேபிள்லயே போயிட்டான். பொண்ணு பார்க்க வந்தப்ப வாயே திறக்கக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. வலிப்புன்னு நினைச்சுடுவாங்களாம்."

அவன் வாயிலிருந்து கை விலகியது.

வெளியே தள்ளுவண்டி தயாராக நின்றது. அவன் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் மிதித்தான்.

"கேஸ் போகாது."

அறுவை சிகிச்சை டாக்டரே இறங்கி வந்தார். "நிறுத்தறதுக்கு நீ யாருய்யா?"

"கேள்வி கேக்கறவன் சார். இன்னைக்குப் பதில் வந்திருக்கு. மயக்க மருந்து டாக்டர் இதைப் படிக்கட்டும். அது வரைக்கும் வண்டி நகராது."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும் சார். காலை எடுக்க மாட்டேன்."

மயக்க மருந்து டாக்டர் வந்து தாளை வாங்கிப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "இன்னைக்கு வேண்டாம்" என்றார். "வழக்கமான மருந்தைக் கொடுத்திருந்தோம்னா..." அறுவை சிகிச்சை டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் போனார்.

மாமியார் அவனை மறித்தார். "அப்படி என்ன சொன்னா?"

"அது அவங்க விஷயம்மா."

"என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொன்னாளா?"

"நீங்க கேட்டீங்களா?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பள்ளங்கள் சிவப்பாக இருந்தன. குரல் இறங்கியது. "உள்ள இருந்தாளே ஒருத்தி. அவ யாரு?"

"எங்க ஸ்டாஃப்தாம்மா."

பெரிய சிஸ்டர் சாவிக்கொத்தோடு வந்தார். "போதும் தம்பி. இந்த ரூமை இன்னைக்கே பூட்டிடறேன்."

"பூட்டினா உடைப்பேன், சிஸ்டர்."

அவர் கண் கலங்கியது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பதினான்கு மாதம் முன்பு அந்த அறையில் அவன் மனைவியிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டவர் அவர்தான்.

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அன்று அவன் உட்கார்ந்தது பக்கத்து நாற்காலியில், கூட வந்தவனாக. சின்ன ஆபரேஷன். புருஷன், போதாததற்கு நர்ஸ் வேறு. முதல் பதினொரு கேள்விக்கும் அவனே பதில் சொன்னான். பன்னிரண்டாவதற்கு வாயைத் திறந்தபோது அவள் சிரித்துக்கொண்டே அவன் வாயைப் பொத்தினாள். அவன் அந்தக் கையை விலக்கி, "இல்லைன்னு போடுங்க சிஸ்டர்" என்றான். வண்டி வந்துவிட்டது. மயக்கத்தில் போனவள் டேபிளிலிருந்து எழவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

"சொல்லு" என்றான். "இப்பக் கேக்கறேன். சொல்லு."

டியூப்லைட் மட்டும் ரீங்கரித்தது.

பக்கத்து நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. குளிர்ந்த உள்ளங்கை அவன் வாயில் வந்து படிந்தது. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

அவன் எழவில்லை.

'பயப்படாதீங்க, வந்துடுவேன்.' அவள் கடைசியாகச் சொன்னது இதுதான் என்று மாமனாரிடம் சொல்லியிருந்தான், அவள் தங்கையிடம் சொல்லியிருந்தான், துக்கம் விசாரிக்க வந்த எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. அதுவும் அவளுக்காக அவன் சொன்ன பதில்தான்.

அன்று கையை அவன் வாயில் வைத்தபடி, சிஸ்டரைப் பார்த்து, அவள் சொன்னது இவ்வளவுதான்:

"என்னைத்தானே கேக்கறாங்க?"