சால்வை ஊசி

சால்வையைக் குத்தும்போது தோலையும் சேர்த்துக் குத்தியிருந்தாள். எஃபிக்கு அது தெரியவே இல்லை. பக்கத்து வீட்டு மாரியன்தான் பார்த்தாள்.

“என்னடி இது, உன்னையே தச்சு வச்சிருக்க?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “வலிக்கலையா?”

“வலிக்குது,” என்றாள் எஃபி, கொஞ்சம் தாமதமாக.

போன குளிர்காலத்தில் கடல்நீர் காய்ச்சும் உப்புக் கொப்பரை சரிந்து கொதிநீர் பட்ட தோள் அது. புண் ஆறிவிட்டது. மரத்துப்போனது இன்றுதான் தெரிகிறது. இன்றைக்கா தெரிய வேண்டும்? எடின்பரோவிலிருந்து ஊசிக்காரர் வந்திருக்கிறார். சூனியக்காரியின் உடம்பில் சாத்தான் தொட்ட இடம் வலிக்காது. அதை ஊசியால் குத்திக் கண்டுபிடிப்பது அவர் தொழில். அடுத்த ஊரில் அவர் கண்டுபிடித்த பெண்ணை எரித்துவிட்டார்கள்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்டி,” என்றாள் மாரியன், கேட்காமலே.

அவள் போனபின் எஃபி கதவைச் சாத்தினாள். ஈரக் கம்பளி நாற்றமும் கரிப்புகையும் கண்ணைக் கரிக்க, கடற்காற்று ஜன்னல் பலகையை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல் சுரண்டிக்கொண்டிருக்க, தோளில் ஊசியை இங்கே அங்கே என்று குத்திக் குத்தி, வலி எங்கே தொடங்குகிறது என்று தேடினாள். கை எட்டும்வரை வலி இல்லை.

மறுநாள் சபை மூப்பர்கள் வந்தார்கள். பின்னால் மாரியன். தலை குனிந்திருந்தாள்.

தேவாலயத்தில் மண்டியிட வைத்து, சட்டையை முதுகிலிருந்து தூக்கி முகத்தின்மேல் போட்டார்கள். இருட்டு. எஃபி முடிவு செய்திருந்தாள்: குத்தியதும் அலற வேண்டும். குத்துவது தெரியாது. காதால்தான் பிடிக்க வேண்டும்.

செருப்பு கிறீச்சிட்டது. மூச்சு நெருங்கியது. இரும்பு கிணுகிணுத்தது.

அலறினாள்.

“ஊசிய இன்னும் பையிலருந்தே எடுக்கலியேம்மா,” என்றார் ஊசிக்காரர், மெதுவாக.

யாரோ சிரித்தார்கள். அதுவும் அடங்கியது.

காத்திருந்தாள். இந்தமுறை சரியாகப் பிடித்துவிட வேண்டும். செருப்புச் சத்தம் இல்லை. இரும்புச் சத்தம் இல்லை. கடல் மட்டும்.

“எப்பய்யா குத்துவீங்க?”

“ஐயா?”

மாரியன்தான் பேசினாள். குரல் உடைந்திருந்தது. “பிடுங்கிப் போடுடி, எஃபி.”

எஃபியின் கை பின்னால் போனது. துழாவியது. தோலோடு ஒட்டி, சில்லென்று, ஓர் ஊசியின் தலை.

பக்கத்தில் இன்னொன்று.

அதற்கும் பக்கத்தில்.