ஒன்பதாவது கட்டம்

"வானத்துல இருந்து பாத்தா குழி இருக்குண்ணே. தரையில போய் நின்னா இல்ல."

வந்தவள் ஒரு கொத்தனாரின் மனைவி. ஏழு மாதமாகக் கணவனைக் காணவில்லை. கல் அறுக்கும் பட்டறை ஒன்றின் முற்றத்துக்குத் தளம் போடப் போனவன். பதினைந்தாம் தேதி காலையில் போனில் பேசியதுதான் கடைசி. வேலை முடிந்து, அன்றே பையைத் தூக்கிக்கொண்டு எவளோடோ கிளம்பிவிட்டான் என்று பட்டறை முதலாளி சொன்னார். தெருவே அதைத்தான் மென்றது.

மேஸ்திரி அவளை உட்காரச் சொன்னார். முப்பது வருடம் கட்டட வேலை பார்த்து, முதுகு போன பிறகு துப்பறிய வந்தவர். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவருடைய மைத்துனன் கணினியில் பூமி உருண்டையைத் திறந்தான். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். செயற்கைக்கோள் எடுத்த படங்களை உருண்டைமேல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். உருண்டை சுழன்று, இறங்கி, அந்த முற்றத்தின் மேல் வந்து நின்றது. ஆளில்லை, அசைவில்லை. தளம் ஒன்பது கட்டங்களாகப் பிரிந்து தெரிந்தது. எட்டு பளபளத்தன. மூலையில் ஒன்று மட்டும் கன்னங்கரேலென்று மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது.

"போன்ல தினமும் இதையே பாக்கறேன். அது என்னைப் பாக்குற மாதிரி இருக்குண்ணே."

"அத்தான், எனக்கு முடி நட்டுக்குது. பேய் கீய்..."

"பேய் இல்லடா, தேதி. கீழ பாரு."

ஓரத்தில் பதினான்காம் தேதி என்றிருந்தது. மாதம் ஏழு மாதத்துக்கு முந்தையது.

"இது இன்னைக்கு எடுத்த படம் இல்லம்மா. அவர் அங்க இருந்தப்ப எடுத்தது. புதுப் படம் இன்னும் வரல."

மறுநாள் காலை மூவரும் ஒரு காவலரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார்கள். மூலை வரை சமமான சிமெண்ட் தளம். முதலாளி சிரித்தார்.

"குழியா? பத்தாம் தேதியே தளம் மொத்தமும் ஒரே மூச்சுல போட்டாச்சு. அங்க கறுப்புத் தார்ப்பாய் விரிச்சிருந்தோம்."

மேஸ்திரி படத்தை அச்செடுத்த தாளை நீட்டினார்.

"எட்டுக் கட்டம் ஏன் மின்னுது தெரியுமா? புதுத் தளம் வெடிக்காம இருக்க, சுத்தி வரப்புக் கட்டித் தண்ணி நிறுத்துவோம். ஒரு வாரமாவது நிக்கணும். ஒன்பதாவதுல வரப்பும் இல்ல, தண்ணியும் இல்ல. எந்தக் கொத்தனாரும் ஒரு கட்டத்தை மட்டும் காயவிட மாட்டான்."

"மறந்திருப்பான்."

"சரி, மறந்தான். நிழலப் பாருங்க. எல்லாம் மேற்கே விழுது, காலை வெயில். கறுப்புக்குள்ள மேற்கு ஓரத்துல மட்டும் ஒரு வெளிச்சக் கோடு. கிழக்கு வெயில் குழியோட உள்சரிவுல பட்டாத்தான் அப்படித் தெரியும். தரையில விரிச்ச தார்ப்பாய்க்கு ஏதுங்க உள்பக்கம்? பதினாலாம் தேதி இங்க தொட்டி கட்டத் தோண்டின குழி திறந்து கிடக்கு. வேலை பாக்கி வச்சுட்டு மறுநாளே கிளம்பினானா?"

முதலாளியின் கால் அந்த மூலையை விட்டு ஒரு அடி தள்ளிப் போனது. காவலர் அதைப் பார்த்தார்.

"அவன் குழிக்குள்ள இருந்தப்ப மண் சரிஞ்சிருச்சு," என்றார் முதலாளி கடைசியில். "கூப்பிட்டேன், பதில் வரல. வெளிய தெரிஞ்சா பட்டறைய மூடிருவாங்கன்னு பயம். நானே மண்ணத் தள்ளி, மேல சிமெண்ட் போட்டேன்."

"எவ்வளவு நேரம் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார் மேஸ்திரி.

முதலாளி தரையைப் பார்த்தார். மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் போய் மூலையில் உட்கார்ந்தாள். சிமெண்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"செத்துட்டார்னு சொல்லியிருக்கலாமே," என்றாள், யாரையும் பார்க்காமல். "ஏழு மாசமா என் பிள்ளைங்க அப்பனைத் திட்டிக்கிட்டு இருக்குதுங்க."