இரண்டு தட்டு

கேள்வி கேட்பதற்கு முன்பே கீழேயிருந்து பதில் வந்துவிட்டது.

லித்யா ஓங்கிய ஸ்பானரோடு அப்படியே நின்றாள். நாற்பத்தைந்து மீட்டர் உயரத்தில், கிரேன் கேபினுக்கு வெளியே இருந்த கம்பித் தட்டில், இடுப்புக் கயிற்றைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, அவள் இன்னும் முதல் தட்டுக்கூடத் தட்டியிருக்கவில்லை. ஆனால் டங், டங் என்று இரண்டு ஒலி கோபுரத்தின் இரும்பு வழியாக ஏறி வந்து அவள் காலடியில் முடிந்தது. கம்பளி பூட்ஸின் தடித்த அடியையும் தாண்டி அந்த அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது.

மேலே இருப்பவர் மூன்று தட்டுத் தட்டினால், ‘பனிக்கட்டியைத் தள்ளப்போகிறேன், கீழே ஆள் இருக்கிறதா?’ என்று பொருள். கீழே காவல் நிற்பவர் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு தட்டுத் தட்டினால், ‘யாருமில்லை, தள்ளு.’ வடதுருவத்தை ஒட்டிய மூர்மன்ஸ்க் குளிரில் வாக்கிடாக்கியின் பேட்டரி அரைமணி நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். இரும்புக்கு அந்தத் தொல்லை இல்லை என்பதால் எல்லா கிரேன்காரர்களும் இரும்பைத்தான் நம்பினார்கள்.

கிளாவ்தியா அவசரப்பட்டுவிட்டாள், அவ்வளவுதான் என்று லித்யா தன்னைத் தேற்றிக்கொண்டாள். பாவம், இன்று அவளுக்கு மனசு ஒரு நிலையில் இருக்காது. அவள் புருஷன் திமோஃபெய் இதே கிரேனடியில் செத்து இன்றோடு ஒரு வருடம். அவன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடியவளுக்குக் கீழே காவல் நிற்கும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே லித்யாதான். உனக்குத் தங்க மனசுடீ என்று கிளாவ்தியா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் லித்யாவுக்குச் சாப்பிட்ட சோறு நெஞ்சிலேயே நிற்கும்.

பகல் பதினொன்றரை. துருவ இரவு முடிந்து சூரியன் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. உறையாத வளைகுடாவிலிருந்து கிளம்பிய நீராவி, துறைமுகத்து நிலக்கரிப் புழுதியின் வாடையையும் மீன் வாடையையும் சுமந்துகொண்டு மெதுவாக மேலேறி வந்து, கிரேனின் நீண்ட கையில் பட்ட இடத்திலெல்லாம் உறைந்து, கம்பிக்குக் கம்பி தொடை கனத்துக்குப் பனிக்கட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கேபின் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. கீழே தரை இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மணிக்குக் கான்கிரீட் லாரிகள் வந்துவிடும். அதற்குள் கட்டியையெல்லாம் தட்டித் தள்ளியாக வேண்டும்.

முறைப்படி மூன்று தட்டினாள். காத்திருந்தாள். மூடுபனி காதை அடைத்தது.

டங், டங்.

லித்யா மேலே வருமுன் பத்தொன்பது வருடம் கீழே நின்றவள். தட்டு எங்கிருந்து வருகிறது என்பதை அதிர்வே சொல்லிவிடும். இது அடியிலிருந்து வரவில்லை, பாதிக் கோபுரத்திலிருந்து வந்தது. ஆனால் பாதிக் கோபுரத்தில் நிற்க யாருமில்லை.

போன வருடம் கீழே நின்றவள் லித்யா. மேலே இருந்தவள் அன்ஃபீசா. மைனஸ் முப்பத்தொன்று. காவல் நிற்பவர் குளிர்காயும் தகர அறையில் கெட்டில் கூவிக்கொண்டிருந்தது. மூன்று தட்டுக் கேட்டபோது, கோபுரத்தைச் சுற்றிவர வேண்டிய பன்னிரண்டு எட்டுகளை அவள் நடக்கவில்லை. யோசிக்கக்கூட இல்லை. கை தானாகவே இரண்டு தட்டிவிட்டது. முதலில் தூள்தான் விழும், சர்க்கரை மாதிரி. கட்டி அதற்குப் பின்னால் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. கோபுரத்தின் அந்தப் பக்கம் காற்றுக்கு மறைவாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான் திமோஃபெய். ஒரு காது மடலை மேலே கட்டி, ஒன்றைத் தொங்கவிட்டிருக்கும் அவன் தொப்பிதான் முதலில் வெளியே உருண்டு வந்தது.

விசாரணையில் கேட்டார்கள். “நான் தட்டவே இல்லை” என்றாள். அன்ஃபீசாவுக்கு மூன்று வருடச் சிறை. அவளுடைய கேபின் லித்யாவுக்கு வந்தது.

டங், டங்.

இந்த முறை அவள் நின்றிருந்த கம்பித் தட்டுக்கு நேர் கீழே. அவசரம் இல்லாத, ஆசை காட்டுகிற தட்டு. யாருமில்லை, தள்ளு. யாருமில்லை, தள்ளு.

அவள் கையில் இப்போது பனிக்கட்டி உடைக்கும் கொட்டாப்புளி இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முன்னால் தொங்கிய பெருங்கட்டிக்கு நேரே அது ஏற்கெனவே ஓங்கியிருந்தது. ஒரே அடி போதும். கீழே கிளாவ்தியா எங்கே நிற்கிறாள்?

கொட்டாப்புளியைத் தட்டிலேயே போட்டுவிட்டு, ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். பன்னிரண்டு எட்டு நடக்காதவள் இன்று நாற்பத்தைந்து மீட்டர் இறங்கிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஏணிப்படிகளில் பனி பூசியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் கையுறை ஒட்டி, பிய்ந்து, ஒட்டியது. மேலிருந்து இரண்டாவது தளத்தில் மலிவான சிகரெட் புகை மணந்தது. மூன்றாவது தளத்தில் காதருகே, இரும்புக்கு அந்தப் பக்கம், டங், டங். அவள் திரும்பவில்லை. அடுத்த படி. மூச்சு. அடுத்த படி.

தரை.

காவல் நிற்கும் தகரக் கூரையின் அடியில் யாருமில்லை. கிளாவ்தியாவின் ஸ்பானர் ஆணியில் தொங்கியது. அதன்மேல் உறைபனி முழுசாகப் படிந்திருந்தது. காலையிலிருந்து அதை யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

லித்யா நடந்தாள். எண்ணிக்கொண்டே நடந்தாள். பன்னிரண்டாவது எட்டில், பெருங்கட்டிக்கு நேர் கீழே, கிளாவ்தியா குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் கான்கிரீட் பாளத்தின் மேல் ஒரு சிறு கண்ணாடி டம்ளரில் வோட்கா. அதன் வாயை மூடி ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. செத்தவனுக்கு வைக்கிற பங்கு.

“என்னடி இது, பேயைக் கண்டவ மாதிரி நிக்கிறே?” என்றாள் கிளாவ்தியா, நிமிர்ந்து பார்த்து. “அதுக்குள்ள வேலை முடிஞ்சிருச்சா?”

“நீ ஏன் தட்டினே?” லித்யாவின் குரல் கிறீச்சிட்டது. “இங்கே வந்து உட்கார்ந்துக்கிட்டு ஏன்டி தட்டினே? உன்னைக் கொன்னிருப்பேனே!”

“நான் தட்டவே இல்லையே.”

அதே சொற்கள். விசாரணையில் அவள் சொல்ல எழுதிக்கொண்ட அதே சொற்கள். லித்யா கோபுரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ மூணு தட்டினது கேட்டுச்சு. நான் பதில் குடுத்தாத்தானே நீ தள்ளுவே? அதான், இவருக்கு வச்சுட்டு வந்து தட்டலாம்னு இருந்தேன். நீ என்ன அன்ஃபீசாவா, கேக்காம கொள்ளாம தள்ளிவிட?” கிளாவ்தியா மூக்கைக் கையுறையில் துடைத்தாள். “அந்தச் சண்டாளி கடுதாசி போட்டிருக்காடி, ஜெயில்லேர்ந்து. ரெண்டு தட்டு என் காதால கேட்டேன், பிள்ளைங்க மேல சத்தியம்னு எழுதியிருக்கா. ரெண்டு நாளாத் தூக்கம் வரல எனக்கு.”

லித்யா கையுறையில் ஒட்டியிருந்த பனியை உதறினாள்.

“இவரு முன்னாடி கேக்கறேன், கோவிச்சுக்காதே. ஒரே ஒரு தடவை சொல்லிடு. அன்னைக்கு நீ தட்டினியா?”

சொல்லிவிடலாம். ஆமாம் என்று சொல்ல அவளைப் போல வேறு எவளும் தவித்திருக்க மாட்டாள். ஆனால் ஜெயில் கதவு கண்ணுக்குள் வந்தது. கிளாவ்தியாவின் முகம் மாறப்போகும் விதம் வந்தது.

“நான் தட்டவே இல்லை” என்றாள்.

கிளாவ்தியா பெருமூச்சு விட்டாள். பாரம் இறங்கிய முகம். “எனக்குத் தெரியாதா உன்னை. இரு, கெட்டிலை அடுப்புல வச்சிட்டு வந்திருக்கேன், டீ கொண்டாறேன். குடிச்சிட்டு ஏறு. அதுவரைக்கும் இவருக்குத் துணையா நில்லு.” எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, மூடுபனிக்குள் போனாள். பனியில் அவள் காலடி கறுமுறுவென்று தேய்ந்து மறைந்தது.

லித்யா தனியாக நின்றாள். இந்த இடத்தை விட்டு உடனே நகர வேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் இமையிலேயே உறைந்து கடித்தது. அதைத் துடைத்துவிட்டுக் கீழே பார்த்தாள்.

ரொட்டி தள்ளி வைக்கப்பட்டிருந்தது. டம்ளர் காலி.

சிகரெட் வாசனை.

அப்போது மேலேயிருந்து கேட்டது. ஆளில்லாத கிரேனின் உச்சியிலிருந்து, இரும்பு வழியாக, நிதானமாக.

டங். டங். டங்.

கீழே ஆள் இருக்கிறதா?

யாரும் பதில் சொல்லாவிட்டால் தள்ள மாட்டார்கள். அதுதான் முறை. பதில் சொல்ல யாரும் இல்லை. யாரும் இல்லை.

டங், டங்.

மிக அருகில். அவள் குனிந்து பார்த்தாள். தன் இடுப்பிலிருந்த ஸ்பானர் தன் கையில். அது கோபுரத்தின் இரும்பில் பட்டு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வருடம் மூன்று கேட்டால் இரண்டு சொல்லிப் பழகிய கை.

தகர அறையில் கெட்டில் கூவத் தொடங்கியது.

கன்னத்தில் ஏதோ விழுந்தது. மெல்லிய தூள். சர்க்கரை மாதிரி.

அவள் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். மூடுபனி விலகியிருந்தது. வெகு உயரத்தில், மஞ்சள் விளக்குக்கு எதிரே, அவளுடைய கம்பித் தட்டில் ஒருவன் குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பியின் ஒரு காது மடல் தொங்கி, காற்றே இல்லாத அந்தப் பகலில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் விட்டுவந்த கொட்டாப்புளி அவன் கையில் ஓங்கியிருந்தது.