வெள்ளி ராவு மழை

வெளியே அசர் தொழுகை நேரத்துச் சாயங்கால வெயில் காய்ந்துகொண்டிருக்க, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் மட்டும் பழவேற்காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது.

அந்தப் படம் கைருன் பீவியின் கணவர் ஜமால் முகம்மதுவுக்கு இறால் ஏற்றுமதிக் கம்பெனி கொடுத்த அன்பளிப்பு. தெருவில் ஒரு டிவிகூட வராத காலம் அது. உள்ளே பல்பு எரியும். நாடுகளின் மேல் இரவு ஒரு நிழலாக ஊர்ந்து போகும். ஒவ்வொரு ஊருக்கும் கிழமையோடு ஒரு குட்டிக் கடிகாரம், அதன் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் வெயில், மேகம், மழை என்று படம் மாறி மாறி வரும். கொழும்பின் மேல் காகிதம் ஒட்டிப் பழவேற்காடு என்று எழுதியது ஜமால்தான்.

"மழை வெயிலெல்லாம் டூப்பு, உள்ள சக்கரம் சுத்துது. ஆனா கிழமை நெசம். நமக்கு வியாழன்னா ஜப்பான்காரனுக்கு வெள்ளி பொறந்திருக்கும். ஒரே நேரத்துல ரெண்டு கிழமை!" என்று முன்பல் உடைந்த வாயால் சிரித்திருந்தார். கிழமையில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று அவள் அப்போது உதட்டைப் பிதுக்கினாள்.

நேற்றுப் பொழுது சாய்ந்ததிலிருந்து அந்த ஒரு ஜன்னல் மட்டும் மாறவில்லை. மழையிலேயே நின்றுவிட்டது. ஜமாலும் நேற்று வரவில்லை. ஏரியின் வடகரைக்கு இறால் பேசப் போனவர், சரக்கு சேரவில்லை என்று தங்கியிருப்பார் என அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் அந்த நாற்றம்! காலையில் லேசாகத்தான் இருந்தது. அவருக்காக நேற்று ஆக்கிய இறால் தொக்கு ஊசிப்போயிருக்கும் என்று சட்டியைத் திறந்து முகர்ந்தாள். தொக்கு நன்றாகத்தான் இருந்தது. சாக்கடையை விளக்குமாறு போட்டுத் தேய்த்தாள். எலி செத்திருக்குமோ என்று பெட்டிகளை இழுத்துப் பார்த்தாள். வெயில் ஏற ஏற, அழுகிய இறால் தலையும் உப்புச் சேறும் ஊறிய துணியும் ஒன்றாய்ப் புழுங்கின மாதிரி அது வீடெங்கும் பரவி, தலைமுடியில் ஒட்டி, எச்சிலோடு தொண்டைக்குள் இறங்கியது. மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கே குமட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அது வரும் இடத்தைத் தேடிப் போனாள். படத்தின் எதிரே வந்து நின்றாள்.

ஜன்னலின் கீழ்விளிம்பு ஈரமாக இருந்தது. விரலால் துடைத்தாள். தண்ணீர் இல்லை. சளி மாதிரி கொழகொழவென்று நூலாக நீண்டது. அதற்குள் மயிரிழை போல இறால் கால்கள். ஒன்று அசைந்தது.

"தூ!" கையை உதறினாள். சேலையில் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வழுக்கியது.

"அக்கோவ்!" என்று வாசலில் குரல் கேட்டது. தோணி ஓட்டும் வேணு. தோளில் துடுப்பும் வாயில் சிரிப்புமாக வந்திருந்தான். "டார்ச்சு லைட்டு குடுக்கா. ஜமால் பாயை இட்டாரக் கெளம்புறேன்."

"எங்கேர்ந்து இட்டார?"

"இன்னாக்கா இப்பிடிக் கேக்குற? முகத்துவாரத் திட்டாண்டதான். வடக்கத்திப் படகு அதுக்கு மேல வராது, சேத்துல தட்டும். வெள்ளி ராத்திரி திட்டுக்குப் போயிடுன்னு நீதானே சொன்னே? இன்னிக்கு வெள்ளிதானே!"

அவள் வாசற்படிக்கு ஓடிவந்தாள்.

"வேணு, நேத்துப் பொழுது சாஞ்சதுமே வெள்ளி ராவு வந்துடுச்சேடா. எங்களுக்கு ராவுதானே மொதல்ல, பகல் அப்புறம்தானே. இன்னிக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் ஆனா சனி ராவுடா."

வேணுவின் சிரிப்பு உதிர்ந்தது. "அப்போ பாய்... நேத்தே எறங்கியிருப்பாரா?"

"சொன்னா சொன்னபடி எறங்கிடுவாரு."

"நேத்து அமாவாசைத் தண்ணிக்கா. இருட்டினப்பறம் திட்டு முழுவிடும். இடுப்புக்கு மேல சேறு. நண்டுங்க வேற..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். டார்ச்சைக்கூட வாங்காமல் கரையைப் பார்த்து ஓடினான்.

ஒரே தெரு. ஒரே தண்ணீர். இரண்டு கிழமை. ஜப்பான்காரனின் கிழமையைச் சொல்லித் தந்த மனுஷனுக்கும் எட்டு வீடு தள்ளியிருக்கும் வேணுவின் கிழமை தெரியவில்லை. அவளுக்கும்தான் தெரியவில்லை. திட்டில் வேணுவின் தோணியை எதிர்பார்த்துக்கொண்டே நின்றிருப்பார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருக்கும். அப்புறம் முழங்காலுக்கு. வேணு வந்துடுவான், வந்துடுவான் என்று...

யா அல்லாஹ், உயிரோடு இருக்கட்டும்.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு எழுந்தது. தலைக்கு முக்காட்டை இழுத்தாள். கை நாறியது. ஓதக் கையை விரிக்கவே அருவருப்பாக இருந்தது.

படத்துக்குள் சக்கரம் கரகரத்தது.

நேற்றிலிருந்து அசையாத ஜன்னல் இப்போது மெல்ல நகர்ந்தது. மழைப் படம் மேலே போனது. அடுத்து வெயில் வர வேண்டும்.

வெயில் வரவில்லை.

வெள்ளையாக ஏதோ வந்தது. ஊறிப்போனது. கண்ணாடியில் அப்பிக்கொண்டு, தீப்பெட்டி அளவு இடத்தில் அடங்காமல் பிதுங்கியது. உதடு. ஓரங்கள் கடிபட்டுப் பிய்ந்த உதடு.

அது திறந்தது.

உடைந்த முன்பல். அதன் சந்தில் சேறு. சேற்றுக்குள் இறால்கள், உயிரோடு, கண்ணாடி போன்ற உடம்பை மடக்கி மடக்கி, நாக்கு இருந்த இடத்தில் நெளிந்தன.

கூடம் நாறியது. அவள் வாய் நாறியது.

"கைரு..." சேறு கொப்பளித்தது. "வேணு... வந்துட்டானா?"

ஒரு இறால் வழுக்கிக் கீழே விழுந்தது. தரையில் துள்ளியது. அவள் பாதத்தைத் தொட்டது.

மறுபடி கேட்பதற்காக, அந்த வாய் பொறுமையாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தது.